மகளின் படிப்புக்குத் தந்தை நிபந்தனை விதிக்கலாமா?

கேள்வி: எனக்கு 18 வயது நிறைந்துவிட்டது. பிளஸ் டூ தேறி, திருச்சியில் விடுதியில் தங்கி பி.ஏ. சரித்திரம் படிக்க விரும்புகிறேன். தாயாரைப் பிரிந்து வாழும் என் தகப்பனார் நல்ல உத்தியோகத்தில் இருந்தும், "இன்ஜினீயரிங் சேர்ந்தால்தான் பணம்; இல்லையேல் ஒரு காசும் கிடையாது" என்கிறார். சட்டம் எனக்குத் துணை நிற்குமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: எந்தப் பாடத்தைப் படிப்பது என்று தீர்மானிக்கும் உரிமை வேறு, அதற்காகும் செலவை ஏற்கும் கடமை வேறு, இவ்விரண்டையும் தங்கள் தகப்பனார் ஒன்றாக எண்ணியதினாலேயே இத்தனை மனஸ்தாபமும் விளைந்திருக்கிறது. 18 வயது நிறைந்தவர் சட்டத்தின் கண்ணில் மேஜர்; ஆகவே பாடத்தைத் தேர்ந்துகொள்ளும் சுதந்திரம் தங்களுடையதே.

செலவைப் பொறுத்தவரை, இந்துக்களுக்குரிய 1956-ஆம் வருஷத்து சுவீகார, ஜீவனாம்சச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு, தன் சம்பாத்தியத்தாலோ சொத்தாலோ ஜீவிக்க இயலாத விவாகமாகாத மகளைப் போஷிக்கும் கடமையைப் பெற்றோர்மீது சுமத்துகிறது. ஜீவனாம்சம் என்பது சோறும் துணியும் மட்டுமே என்று பலர் கருதினாலும், அச்சட்டத்தின் 3-ஆவது பிரிவு உணவு, உடை, உறைவிடம், வைத்தியம் ஆகியவற்றோடு கல்வியையும் சேர்த்தே அச்சொல்லுக்குப் பொருள் கூறுகிறதேயன்றி, இன்ன படிப்பாக இருக்க வேண்டும் என்று எந்த நிபந்தனையும் விதிக்கவில்லை.

ஆனால் மாஜிஸ்திரேட் கோர்ட்டை நாட வேண்டாம். அங்கே ஜீவனாம்சம் கோரும் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவு, தேக அல்லது மனக் குறைபாடு இல்லாத மேஜரான மகளுக்கு உதவாது என்றும், அவளுக்குரிய பரிகாரம் மேற்சொன்ன 20-ஆவது பிரிவிலேயே உள்ளது என்றும் அபிலாஷா வழக்கில் 2020-இல் சுப்ரீம் கோர்ட் தெளிவுபடுத்திற்று. எனவே குடும்ப நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து, இடைக்கால ஜீவனாம்சமும் கோருங்கள். தகப்பனாரின் அந்தஸ்து, வருமானம், அவரை நம்பியிருப்போர், தங்கள் நியாயமான தேவை ஆகியவற்றைச் சீர்தூக்கியே நீதிமன்றம் தொகையை நிர்ணயிக்குமாதலால், கல்லூரிக் கட்டணம், விடுதிச் செலவு, புத்தகச் செலவு இவற்றை உள்ளது உள்ளபடி காட்டுங்கள். மிகைப்படுத்தினால் வழக்கின் பலமே குன்றும்.

வக்கீல் கட்டணத்தை எண்ணி அஞ்ச வேண்டாம். 1987-ஆம் வருஷத்து சட்டப்பணிகள் அதிகார அமைப்புகள் சட்டப்படி, பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்றத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுச் செய்யலாம், 15100 என்ற எண்ணிலும் விசாரிக்கலாம்.

வழக்கு முடியுமட்டும் கல்லூரி காத்திராது. வங்கிகளின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் 4 லட்சம் ரூபாய் வரை சொத்து ஈடு கேட்பதில்லை. தங்கள் தாயாரே இணைக் கடன்தாரராகக் கையொப்பமிடலாம். படிப்பு முடிந்து ஓராண்டு கழிந்தபின் தவணை கட்டத் தொடங்கினால் போதும்.

கோர்ட்டுக்குப் போகுமுன், மரியாதை குன்றாத ஒரு கடிதத்தைத் தகப்பனாருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். பெற்ற மனம் இளகினால் வழக்கே வேண்டியிராது. எவ்வாறாயினும், சேர்க்கையின் கடைசித் தேதி தவறுவதற்குள் விரும்பிய பாடத்தில் சேர்ந்துவிடுங்கள். கட்டிய ஒவ்வொரு தொகைக்கும் ரசீது வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.