கிட்டாரின் மெட்டுக் கணக்கும் சி.என்.சி. இயந்திரமும்

நம் சங்கத்துக் குடும்பங்களில் இசை படிக்கும் பிள்ளைகள் இப்போது வீணை, வயலினோடு கிட்டாரையும் கையில் எடுக்கிறார்கள். அவர்களுடைய தகப்பன்மாரில் பலர், என்னைப் போல, துர்பே, மஹாபே, ரபாலே பக்கத்துத் தொழிற்கூடங்களில் இயந்திரங்களோடு காலம் கழிப்பவர்கள். ஆனால் பிள்ளை வாசிக்கும் கிட்டாரும் தகப்பனார் ஓட்டும் சி.என்.சி. இயந்திரமும் ஒரே கணக்கால் கட்டப்பட்டவை என்பது வீட்டில் பேசப்படுவதில்லை. கிட்டாரின் விரல்பலகை என்ற ஒரே ஒரு பாகத்தை எடுத்துக்கொண்டு அதை இங்கே விளக்க முயல்கிறேன். எட்டாம் வகுப்புக் கணக்குத் தெரிந்த பிள்ளைகளும் இதைத் தொடர முடியும்.

மெட்டும் மெழுகும்

நம் வீணையிலிருந்து தொடங்குவோம். தஞ்சாவூர் வீணையில் 24 பித்தளை மெட்டுகள் உண்டு. தண்டியின் இருபுறமும் கருமை கலந்த மெழுகால் மேடை கட்டி, அதன்மேல் மெட்டுகளைப் பதிப்பார்கள். ஆசாரி தந்தியை மீட்டிக் காதால் கேட்டு, சுருதி சேரும் வரை மெட்டை நகர்த்துவார். நாளடைவில் மெழுகு இளகி மெட்டு விலகினால், மறுபடி உருக்கிச் சரிசெய்து கொள்ளலாம். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற இந்த வீணையில், தவறைத் திருத்த இடம் வைத்தே வேலை நடக்கிறது.

கிட்டாரில் அந்த வசதி கிடையாது. விரல்பலகையின் குறுக்கே அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான அகலத்தில் காடி வெட்டி, உலோக மெட்டை அதற்குள் அடித்து இறக்கி விடுவார்கள். காடி இடம் மாறி விழுந்துவிட்டால், அதை அடைத்து மறுபடி வெட்ட வேண்டும் அல்லது பலகையையே கழித்துவிட வேண்டும். வீணையில் வேலையின் முடிவில் வரும் திருத்தம், கிட்டாரில் வேலை தொடங்கும் முன்பே கணக்கில் முடிந்திருக்க வேண்டும். இந்தக் கட்டுரையின் சாரம் இதுதான்.

காடி எங்கே விழ வேண்டும்?

தந்தி தொடங்கும் இடத்தில் இருக்கும் சிறு தாங்கிக்கு நட் என்று பெயர். அங்கிருந்து தந்தி முடியும் பிரிட்ஜ் வரை உள்ள தூரமே அளவு நீளம். பரவலாக வழங்கும் ஒரு நீளம் 25½ அங்குலம், அதாவது 647.7 மி.மீ. ஒரு ஸ்தாயியில் 12 அரைச்சுரங்கள். ஸ்தாயி ஏறினால் தந்தியின் நீளம் பாதியாக வேண்டும். பன்னிரண்டு முறை வகுத்தால் பாதியாக்கும் எண் 1.059463. ஆகவே ஒவ்வொரு மெட்டுக்கும் மீதித் தந்தியின் நீளத்தை 17.817 ஆல் வகுத்தால் அடுத்த இடைவெளி கிடைக்கும்.

செய்து பார்ப்போம். 647.7 ஐ 17.817 ஆல் வகுக்க 36.35 மி.மீ. இது முதல் மெட்டு. மீதி 611.35. அதை மறுபடி வகுக்க 34.31. எனவே இரண்டாம் மெட்டு நட்டிலிருந்து 70.66 மி.மீ. இப்படியே போனால் ஐந்தாவது மெட்டு 162.47-இலும், ஏழாவது 215.41-இலும், பன்னிரண்டாவது 323.85-இலும் வரும். 323.85 என்பது 647.7-இல் சரிபாதி. பன்னிரண்டாவது பாதியில் வந்து நின்றால் கணக்குச் சரி.

பழைய நாளில் 17.817-க்குப் பதில் 18 என்ற முழு எண்ணால் வகுத்தார்கள். கலிலியோவின் தந்தை வின்சென்சோ கலிலேய் 1581-இல் வெளியிட்ட நூலில் 18:17 என்ற இந்த விகிதம் வருகிறது. அதன்படி வெட்டினால் பன்னிரண்டாவது மெட்டு 321.5 மி.மீ. அளவில் விழும். பாதியிலிருந்து 2.35 மி.மீ. குறைவு. காதுக்கு இது அரைச்சுரத்தில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு வித்தியாசம். சுருதி தெரிந்த பிள்ளை உடனே முகம் சுளிக்கும்.

இன்னொரு பிழை, இயந்திரக் கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர் இடைவெளிகளை முழு மில்லிமீட்டராகச் சுருக்கி, ஒவ்வொரு காடியையும் முந்தைய காடியிலிருந்து அளந்து குறித்தார். 36, 34, 32, 31 என்று போய்ப் பன்னிரண்டாவது 323-இல் நின்றது. ஒவ்வொன்றிலும் அரை மில்லிமீட்டருக்கு மேல் தவறவில்லை. ஆனால் சேர்ந்து சேர்ந்து முடிவில் 0.85 மி.மீ. ஆயிற்று. எனவே எல்லா அளவையும் நட்டிலிருந்தே எடுக்க வேண்டும். டிராயிங் படிக்கும் ஆபரேட்டர் ஒரே டேட்டத்திலிருந்து அளப்பதும் இதே காரணத்தால்தான்.

கணிப்பொறியில் வரைவது

எண் வழியே இயந்திரத்தை ஓட்டும் முறையை அமெரிக்காவில் எம்.ஐ.டி. நிறுவனம் 1952-இல் செய்து காட்டியது. கிட்டார் தொழிலில் அது நுழைய நாளாயிற்று. 1950-இல் லியோ ஃபெண்டர் கழுத்தைத் தனியே செய்து திருகால் உடலோடு பூட்டும் மின்கிட்டாரைக் கொண்டுவந்து, பாகங்களைத் தனித்தனியே இயந்திரத்தில் செய்ய வழி திறந்தார். 1990-ஐ ஒட்டி டெய்லர் நிறுவனம் சி.என்.சி. இயந்திரங்களைத் தன் கூடத்துக்குக் கொண்டு வந்தது. இன்று மேசைமேல் வைக்கும் சிறு ரவுட்டரும் 'வீகார்வ்', 'ஃபியூஷன்' போன்ற மென்பொருள்களும் தனியாள் கைக்கு எட்டிவிட்டன.

மென்பொருளில் முதலில் பலகையின் வெளிக்கோடு. நட் பக்கம் 43 மி.மீ. அகலம், உடல் பக்கம் போகப்போக விரியும். அதன்மேல் நாம் கணக்கிட்ட தூரங்களில் குறுக்குக் கோடுகள். பிறகு ஒவ்வொரு கோட்டுக்கும் எந்தக் கட்டர், எவ்வளவு ஆழம், எத்தனை தடவை என்று சொல்ல வேண்டும். கட்டர் நடக்கும் பாதைகளை மென்பொருள் ஜி-கோடாக எழுதித் தரும். ஜி0 என்றால் வெட்டாமல் வேகமாக நகர், ஜி1 என்றால் வெட்டிக்கொண்டு நேராகப் போ, எம்3 என்றால் சுழல், எம்5 என்றால் நில். ஜி20 அங்குலம், ஜி21 மில்லிமீட்டர். இந்த ஒன்றைத் தவறவிட்டால் 36.35 மி.மீ. போக வேண்டிய கட்டர் 36.35 அங்குலம் போக முயலும்!

தலைப்பக்கத்தில் பெயர் பொறிக்க விரும்பும் பிள்ளைகளுக்கு ஒரு யோசனை: ஆங்கில எழுத்துத்தான் வேண்டுமென்பதில்லை. தமிழ் எழுத்தைக் கோடுகளாக மாற்றிவிட்டால் வி வடிவக் கட்டர் அதைச் செதுக்கும். கோடு அகலமான இடத்தில் கட்டர் ஆழமாக இறங்கும், குறுகிய இடத்தில் மேலே ஏறும். 'ழ'வின் சுழிகூட உளி வைத்தாற்போல் வரும்.

இயந்திரத்தில் வெட்டுவது

மரத்துக்கு நம் ஈட்டி சிறந்தது. நீலகிரி, வயநாடு, குடகு மலைகளில் வளரும் இந்த மரத்தை உலகெங்கும் கிட்டார் செய்பவர்கள் தேடி வாங்குகிறார்கள். அரிதாகி வருவதால், 2017 ஜனவரியிலிருந்து இந்த இனம் முழுவதும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டின் கீழ் வந்தது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்குக் கிடைத்தது. மரத்துக்குக் கட்டுப்பாடு தொடர்வதால் ஒரு பலகையும் வீணாகக் கூடாது. வாஷியின் மழைக்காலக் காற்றில் மரம் ஈரம் குடித்து அகலத்தில் விரியும். வாங்கிய பலகையைச் சில வாரங்களாவது கூடத்திலேயே கிடத்தி ஆறவிட்டுப் பிறகே தொட வேண்டும்.

வேலையின் வரிசை இது: முதலில் பலகையின் மேல்பரப்பை மெல்லிய வளைவாக இழைக்க வேண்டும். அடுத்து அடையாளப் புள்ளிகளுக்கான குழிகள், பிறகு காடிகள், கடைசியாகத்தான் வெளிக்கோடு. வெளிக்கோட்டை முதலில் வெட்டிவிட்டால் பலகையைப் பிடிக்க இடமிராது. காடிக்கு 0.58 மி.மீ. கட்டர். அது தலைமுடி போல ஒடியக்கூடியது. மூன்று மில்லிமீட்டர் ஆழத்தை ஒரே மூச்சில் இறக்காமல், கால் மில்லிமீட்டராகப் பன்னிரண்டு தடவை வெட்டுவது நல்லது.

ஜீரோ எடுப்பதில் அவசரம் ஆகாது. நட் கோடும் பலகையின் நடுக்கோடும் சந்திக்கும் புள்ளியை ஜீரோவாக வைத்து, கட்டரை மரத்துக்கு மேலே தூக்கி ஒருமுறை 'ஏர் கட்டிங்' ஓட்டிப் பார்க்க வேண்டும். பிறகு வீணான மரத்துண்டில் ஒருமுறை வெட்டி, பன்னிரண்டாவது காடியை வெர்னியரால் அளக்க வேண்டும். அதன்பிறகே ஈட்டிப் பலகை. ஈட்டித் தூள் மூச்சுக்கும் தோலுக்கும் ஆகாது. முகமூடியும் தூள் உறிஞ்சும் குழாயும் கட்டாயம்.

மிச்சமிருக்கும் கைவேலை

இயந்திரம் நின்றபின் மெட்டுகளை அடித்து இறக்குவதும், மட்டம் பார்த்து அரம் போடுவதும், விளிம்பு விரலைக் கீறாதபடி உருட்டுவதும் கையால்தான். மெட்டில் அழுத்தும்போது தந்தி சற்று இழுபட்டுச் சுருதி ஏறும். அதைச் சரிக்கட்ட, பிரிட்ஜைக் கணக்கிட்ட இடத்திலிருந்து ஓரிரு மில்லிமீட்டர் பின்னே தள்ளி வைப்பார்கள். எவ்வளவு என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். ஆக, கிட்டாரிலும் கடைசிச் சொல் தஞ்சாவூர் ஆசாரியின் முறைக்கே போகிறது.

பெற்றோர்க்கு ஒரு வார்த்தை. இயந்திரம் எல்லாம் செய்துவிடும், நமக்கென்ன படிப்பு என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். சொன்னதைச் சொன்னபடி செய்யும் இயந்திரத்துக்குத் தவறாகச் சொன்னால், தவறையும் அது நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் துல்லியத்தோடு செய்யும். எனவே சொல்பவருக்குக் கணக்கும் வேண்டும், காதும் வேண்டும், மரத்தைத் தொட்டறிந்த கையும் வேண்டும். சனி, ஞாயிறுகளில் பிள்ளையை அருகில் உட்கார வைத்துக் கீழ்க்காணும் கணக்கைப் போடச் சொல்லுங்கள்.

பயிற்சி: அளவு நீளம் 628.65 மி.மீ. (24¾ அங்குலம்) உள்ள கிட்டாருக்கு 1, 5, 7, 12 ஆகிய மெட்டுகள் நட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் வர வேண்டும்?

விடை: 35.28, 157.69, 209.08, 314.33 மி.மீ. கடைசி எண் பாதியாக இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு மற்றவற்றைத் திருத்துங்கள்.