பாசி உண்ணும் சிறுமீனும் தங்கவயல் நீரும்

தென் அமெரிக்க ஆறுகளைத் தாயகமாகக் கொண்ட ஓட்டோசிங்க்லஸ், சுமார் 4 செ.மீ. மட்டுமே வளரும் கெளுத்தியினச் சிறுமீனாகும். கண்ணாடியிலும் இலைகளிலும் படியும் மென்பாசியே இதன் முதன்மை உணவு. தொட்டியைத் துப்புரவாக்கும் எனக் கருதிப் புதுத் தொட்டியில் இதனை விடுவோர் பலர். துப்புரவான தொட்டியில் இதற்கு உணவேது? ஆளை வேலைக்கமர்த்திச் சோறிடாமல் விடுவதை ஒக்கும் இச்செயல். ஆற்றில் பிடிபட்டு, நெடும்பயணத்தில் மெலிந்து வரும் மீன்கள் சில வாரங்களில் மடிகின்றன, பணமும் வீணாகிறது.

கோலார் தங்கவயலில் இன்னொரு இடரும் உண்டு. சுரங்கக் காலத்தில் பேத்தமங்கலத்திலிருந்து பாலாற்று நீர் இவ்வூருக்கு வந்தது. ஆனால் கோலார் மாவட்டத்தின் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் கடினமானது. இம்மீனுக்கு உகந்தது மென்னீர். தூய மழைநீரைச் சிறிது சிறிதாகக் கலந்து கடினத்தைக் குறைக்கலாம். தொட்டி இரு மாதம் பழகிப் பாசி படர்ந்த பின்னரே, ஐந்தாறு மீன்களைச் சேர்த்து விடுதல் வேண்டும். பாசி குறைந்தால் வேகவைத்த வெள்ளரித் துண்டு உதவும். வயிறு ஒட்டிய மீனைக் கடையிலேயே தவிர்த்தல் நன்று.