இலக்கிய விழாவிலிருந்து எதை வீட்டுக்குக் கொண்டுவருவது?

எங்கள் மடத்துவெளியிலிருந்து யாழ்ப்பாண நகரத்தில் நடக்கும் ஓர் இலக்கிய விழாவுக்குப் போகும் மாணவி காலையிலேயே பஸ் ஏற வேண்டும். புங்குடுதீவையும் வேலணையையும் இணைக்கும் பாலத்தைக் கடந்து, பண்ணைப் பாலத்தையும் கடக்க வேண்டும். நயினாதீவு, நெடுந்தீவுப் பிள்ளைகள் அதற்கு முன்னரே குறிகாட்டுவான் இறங்குதுறைக்குப் படகில் வந்து சேர வேண்டும். இவ்வளவு தூரம் போய்வரும் பிள்ளை ஒரு துணிப்பையும் கைபேசியில் நாலு படங்களும் மட்டும் கொண்டுவந்தால் அந்தப் பயணம் வீண். வேறு எதைக் கொண்டுவரலாம் என்பதே இந்தப் பாடம்.

விழா நமக்குப் புதிதல்ல

தமிழில் ஒரு நூல் அவையில் அரங்கேறிய பிறகே நூலாக மதிக்கப்பட்ட காலம் உண்டு. புலவர் பாட, அவையோர் கேள்வி கேட்க, அவர் விளக்கம் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துக் கோயில்களில் ஒருவர் செய்யுளைப் படிக்க இன்னொருவர் ‘பயன்’ சொல்லும் புராணபடனம் இன்றும் நடக்கிறது. முஸ்லிம்களிடத்தில் உமறுப்புலவரின் சீறாப்புராணமும், கிஸ்ஸா, நாமா, முனாஜாத்து முதலியனவும் பலர் கூடியிருந்து ஓதிக் கேட்கப்பட்டவை. முகியித்தீன் புராணம் பாடிய பதுறுத்தீன் புலவரும், அசனா லெப்பைப் புலவரும் யாழ்ப்பாணத்தவர்களே.

அண்மைக் காலத்தில் 1966இல் மருதமுனையிலும் 1973இல் திருச்சிராப்பள்ளியிலும் இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடுகள் நடந்தன. 1974 ஜனவரியில் நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு யாழ்ப்பாணத்தில் கூடியது. ஐரோப்பாவில் புலம்பெயர்ந்தோர் தொடங்கிய இலக்கியச் சந்திப்பு, தன் 41ஆவது கூட்டத்தை 2013 ஜூலையில் யாழ்ப்பாணத்தில் நடத்தியது. 2007இல் தொடங்கிய காலி இலக்கிய விழாவின் ஒரு பகுதி 2016இல் இங்கும் வந்தது. இவற்றில் மொழியும் நோக்கமும் வேறுபடலாம். ஆனால் உரை, பயிற்சிப்பட்டறை, ஆற்றுகை என்ற மூன்றில் ஒன்றாவது எந்த விழாவிலும் இருக்கும். மூன்றையும் ஒரே விதமாகக் கேட்க முடியாது.

உரை: கூற்றும் சான்றும்

உரையைச் சொல்லுக்குச் சொல் எழுதாதீர்கள். கொப்பியின் பக்கத்தை நடுவே கோடிட்டுப் பிரியுங்கள். இடப்பக்கத்தில் பேச்சாளரின் கூற்று. வலப்பக்கத்தில் அதற்கு அவர் காட்டிய சான்று. வலப்பக்கம் வெறுமையாக இருந்தால் அங்கே உங்கள் கேள்வி பிறக்கும்.

ஓர் உதாரணம். “முஸ்லிம் பெண்கள் தமிழில் எழுத வந்தது அண்மையில்தான்” என்று ஒருவர் மேடையில் சொல்வதாக வைத்துக்கொள்வோம். கைதட்டுவதற்கு முன் எண்ணிப் பாருங்கள். நாகூர் சித்தி ஜுனைதா பேகத்தின் ‘காதலா கடமையா’ நாவல் 1938இலேயே வெளிவந்துவிட்டது. 1986இல் யாழ்ப்பாணத்தில் வெளியான ‘சொல்லாத சேதிகள்’ என்ற பெண்கள் கவிதைத் தொகுப்பில் மசூறா ஏ. மஜீட் இருக்கிறார். இந்த இரண்டு பெயர்களும் தெரிந்த மாணவி எழுந்து பணிவாக, “ஐயா, ‘அண்மையில்’ என்று எந்த ஆண்டைச் சொல்கிறீர்கள்?” என்று கேட்கலாம். அது மரியாதைக் குறைவல்ல. அவையோர் கேட்ட கேள்விகளால்தான் அரங்கேற்றங்களும் சிறந்தன.

பயிற்சிப்பட்டறை: வெறுங்கையுடன் போகாதீர்கள்

பட்டறை என்பது கொல்லனின் இடம். இரும்பு இல்லாமல் அங்கே போனால் அனலைத்தான் பார்த்துவிட்டு வரலாம். நீங்கள் எழுதிய ஒரு பக்கத்தைக் கையில் கொண்டு போங்கள்.

‘கடல் அழகானது’ என்று ஒரு மாணவி எழுதியிருக்கிறாள் என்று கொள்வோம். எந்தக் கடல், எப்போது, பக்கத்தில் யார் என்று பட்டறையில் கேட்பார்கள். அவள் யோசித்து, ‘படகு ஆடியபோது உம்மாவின் விரலைப் பிடித்தேன், அவர் கண்ணை மூடி ஓதிக்கொண்டிருந்தார்’ என்று மாற்றுகிறாள். முதல் வரியை யாரும் எழுதலாம். இரண்டாவதை அந்தப் படகில் இருந்தவள்தான் எழுத முடியும். ஒரு பட்டறையில் இந்த ஒரு மாற்றம் நிகழ்ந்தாலே போதும்.

மேலே சொன்ன ‘சொல்லாத சேதிகள்’ பெரிய விழா ஒன்றில் பிறந்ததல்ல. பெண்கள் ஆய்வு வட்டம் என்ற சிறு குழுவின் வெளியீடு அது. சித்திரலேகா மௌனகுரு தொகுத்தார். பத்துப் பெண்களின் கவிதைகள் அடங்கிய அந்தச் சிறு நூலைத் தவிர்த்துவிட்டு இன்று ஈழத்துக் கவிதையின் வரலாற்றை எழுத முடியாது. விழா முடிந்த பிறகு வகுப்பறையில் நாலு பேர் கூடியிருந்து எழுதினால் அதுவும் பட்டறையே.

ஆற்றுகை: காதும் கண்ணும்

எங்கள் புங்குடுதீவுக் கவிஞர் சு. வில்வரத்தினம் தம் கவிதைகளைப் பாடிக் காட்டுவதில் பெயர்பெற்றவர். போரினால் மனிதர் பெயர்ந்துபோன ஊரைப் பற்றிய அவரது ‘காற்றுவெளிக் கிராமம்’ 1995இல் நூலாக வந்தது. கவிதையைத் தாளில் வாசிப்பது ஒன்று. எழுதியவரின் குரலில் கேட்பது வேறொன்று. எந்தச் சொல்லில் குரல் தாழ்ந்தது, எங்கே மூச்சு விட்டார், சபை எப்போது அசையாமல் இருந்தது என்று கவனியுங்கள். குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘மண் சுமந்த மேனியர்’ போன்ற நாடகங்கள் 1980களில் மக்களைத் தொட்டதற்கு, வசனத்தைப் போலவே நடிகரின் உடலும் கூட்டுக் குரலும் காரணம். ஆற்றுகை நடக்கும்போது கொப்பியை மூடி வையுங்கள். குறிப்பை பஸ்ஸில் எழுதலாம்.

மேடையில் யார் இல்லை?

இது எந்த விழாவிலும் கேட்க வேண்டிய கேள்வி. கலாநிதி எம். ஏ. நுஃமான் கல்முனைக்குடியைச் சேர்ந்தவர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர், அ. யேசுராசாவுடன் சேர்ந்து ‘பதினொரு ஈழத்துக் கவிஞர்கள்’ தொகுப்பைத் தந்தவர். அப்படிச் சேர்ந்து இயங்கிய நகரத்திலிருந்து 1990 ஒக்ரோபர் இறுதியில் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். அதன் பின் பல ஆண்டுகள் யாழ்ப்பாணத்து மேடைகள் அந்தக் குரல் இல்லாமலே நிறைந்தன. மண்டபத்தில் ஆள் குறைந்ததாக யாருக்கும் தெரியவில்லை. ஊரை விட்டுப் பெயர்ந்த துயரம் எங்கள் தீவாருக்கும் தெரியும், உங்கள் உம்மம்மாமாருக்கும் தெரியும். எங்கள் ஊரின் துயரத்தை எழுத ஒரு வில்வரத்தினம் இருந்தார். உங்கள் உம்மம்மா பூட்டிவிட்டு வந்த வீட்டைப் பற்றி நீங்கள்தான் எழுத வேண்டும்.

பெற்றோருக்கு

உங்கள் தயக்கம் நியாயமானது. நிகழ்ச்சி நிரலை முன்னதாகவே கேட்டு வாங்குங்கள். உடன் போகும் ஆசிரியை யார், லுஹர் தொழுகைக்கு இடம் உண்டா, கடைசிப் படகுக்கும் பஸ்ஸுக்கும் முன் புறப்பட முடியுமா என்று விசாரியுங்கள். இவை சரியாக இருந்தால் பிள்ளையை அனுப்புங்கள். இயன்றால் நீங்களும் கூடப் போங்கள். துவரங்குறிச்சி சல்மா பதின்மூன்று வயதில் பள்ளிக்கூடத்தை விட நேர்ந்தவர். அப்படியிருந்தும் எழுதினார். ஆனால் ஒவ்வொரு பிள்ளையும் அந்த அளவு பாடுபட்டுத்தான் எழுத வேண்டும் என்று நாம் விட்டுவிடலாமா?

பிள்ளை திரும்பி வந்ததும், “நல்லா இருந்ததா?” என்று கேட்டால் “ஓம்” என்ற ஒரு சொல்லே பதிலாக வரும். “யார் சொன்னதை நீ ஏற்றுக்கொள்ளவில்லை?” என்று கேளுங்கள். இரவுச் சாப்பாடு முடியும்வரை பேச்சு நீளும்.

பயிற்சி

1. நீங்கள் கேட்ட ஓர் உரையிலிருந்து மூன்று கூற்றுகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் காட்டப்பட்ட சான்றை எதிரே எழுதுக.
2. உங்கள் பழைய கட்டுரையில் யாரும் எழுதக்கூடிய ஒரு வாக்கியத்தைத் தேடி, நீங்கள் மட்டுமே எழுதக்கூடியதாக மாற்றுக.
3. வீட்டிலுள்ள முதியவர் ஒருவரிடம், அவர் விட்டுவந்த இடத்தைப் பற்றிக் கேட்டு, அவருடைய பேச்சுமொழியிலேயே ஒரு பக்கம் எழுதுக. எழுதியதை அவருக்கே முதலில் வாசித்துக் காட்டுக.