நூல் கோனும் சைக்கிள் டியூப்பும்

முதலாண்டு வகுப்பு தொடங்கியதும் நமக்கு நடக்கும் முதல் சடங்கு, எழுந்து நின்று இங்கிலீஷில் பெயர், ஊர் சொல்வது. தமிழ் மீடியத்தில் படித்து வந்தவர்களில் பலர் பெயரோடு உட்கார்ந்துவிடுவோம். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். அந்த நடுக்கம் எனக்குத் தெரியும். ஆனால் ஆறு பேர் கையில் ஒரே பொருளைக் கொடுத்துப் பாருங்கள், கதையே வேறு.

கோவையில் முதல் நூற்பாலை 1888-ல் வந்தது. இன்று சோமனூர், பல்லடம் பக்கம் தறிக்குடோன்களில் காலிக் காகிதக் கோன் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். எங்கப்பா தறி ஓட்டுகிறவர், அதனால் எனக்கு ஐந்து கோன் சுலபமாகக் கிடைத்தது. பழைய சைக்கிள் டியூப்பில் கால் அங்குல அகலத்துக்கு ஒரு வளையம் வெட்டி, அதைச் சுற்றிச் சம இடைவெளியில் நாலடி நீளச் சணல் கயிறு ஆறு கட்டுங்கள். ஆளுக்கு ஒரு நுனி. கோனைக் கை தொடக்கூடாது. ஆறு பேரும் இழுத்தால் வளையம் விரியும். கோனின் மேல் இறக்கித் தளர்த்தினால் கவ்விக்கொள்ளும். அப்படியே தூக்கிப்போய் அடுத்த கோனின் மேல் கவிழ்க்க வேண்டும்.

இங்கேதான் மெக்கானிக்ஸ் பாடம் வருகிறது. ஆறு விசையும் சமமாக இருந்தால் தொகுபயன் விசை சுழி. கோன் நேராக நிற்கும். ஒருத்தர் பலத்தைக் காட்டினால் அவர் பக்கம் சாய்ந்துவிடும். பயில்வானுக்கு இங்கே மரியாதை கிடையாது! பேசாமலும் இருக்க முடியாது. ஒரு மாதமாக வாயே திறக்காத பெருந்துறைப் பக்கத்துப் பையன், "ஏனுங்ண்ணா, சித்தெ இளக்குங்க, வடக்கால சாயுது" என்று மூன்றாம் ஆண்டு அண்ணன்களுக்கே உத்தரவு போட்டான். இப்போது டிராயிங் ஹாலில் முதலில் சந்தேகம் கேட்பவன் அவன்தான்.

பீட்டர் ஸ்கில்மேன் உருவாக்கிய இன்னொரு ஆட்டம் உண்டு. 20 ஸ்பகெட்டி குச்சி, ஒரு கஜம் நூல், ஒரு கஜம் டேப். 18 நிமிடத்தில் கோபுரம் கட்டி உச்சியில் ஒரு மிட்டாய் வைக்க வேண்டும். 2010-ல் டாம் வூஜெக் இதைப் பற்றிப் பேசும்போது, மேலாண்மை மாணவர்களைவிட மழலைப் பள்ளிக் குழந்தைகளே நன்றாகக் கட்டினார்கள் என்றார். பெரியவர்கள் யார் தலைவர் என்பதிலேயே நேரத்தைப் போக்கி, கடைசி நிமிடத்தில் மிட்டாயை வைக்கிறார்கள், கோபுரம் சரிகிறது. குழந்தைகளோ ஆரம்பத்திலிருந்தே மிட்டாயை வைத்துப் பார்த்துத் திருத்துகிறார்கள். நமக்கு ஈர்க்குச்சியும் சின்னப் பொரி உருண்டையும் போதும். ஈர்க்குச்சி வளையும், மூன்று மூன்றாகச் சேர்த்துக் கட்டுங்கள்.

என்.எஸ்.எஸ். ஏழு நாள் முகாமில் இதை முதல் நாள் மாலையே வையுங்கள். குழுவை மட்டும் அவரவர் விருப்பத்துக்கு விடாதீர்கள், ஒரே பள்ளிக்கூடத்து ஆட்கள் ஒட்டிக்கொள்வார்கள். ரோல் நம்பர்படி பிரித்தால் பஸ்ஸில் வருகிறவனும் ஹாஸ்டல்காரனும் ஒரே வளையத்தைச் சுற்றி நிற்பார்கள். பொரி உருண்டையைக் கூடுதலாகவே வாங்குங்கள், பாதி கோபுரத்துக்குப் போய்ச் சேராது.