ஒட்டாகோ முயலும் சைலன்சரும்

நியூசிலாந்தின் மத்திய ஒட்டாகோவில் முயல் என்றாலே பண்ணைக்காரர்களுக்கு வயிறு எரியும். 19-ஆம் நூற்றாண்டில் கறிக்கும் வேட்டைக்கும் ஐரோப்பியர் கொண்டுவந்து விட்டவை, வறண்ட மலைச்சரிவுகளில் பெருகிப் புல்லை மொட்டையடித்துவிட்டன. பத்து முயல் தின்பது ஓர் ஆட்டுத் தீனி என்று இங்கே கணக்குச் சொல்வார்கள். 2018-இல் முயல்களைக் கொல்லும் கே5 வைரஸைப் பரப்பினார்கள். அதற்கும் தப்பியவற்றைத் துப்பாக்கியால்தான் குறைக்க வேண்டும். செம்மறிப் பண்ணைகளில் அந்த வேலையைச் செய்கிறவன் நான். சைலன்சர் இல்லாமல் இப்போது கிளம்புவதே இல்லை.

சினிமாவில் கேட்கும் 'புஸ்' சத்தத்தை எதிர்பார்க்காதீர்கள். குழல்வாயில் பீறிடும் வாயுவை உள்ளறைகளில் விரியவிட்டு, ஆறவிட்டு வெளியேற்றுவதுதான் சைலன்சரின் வேலை. குறைவது ஏறக்குறைய 20 முதல் 30 டெசிபல். ஒலியை முந்திப் பாயும் தோட்டா வழியெல்லாம் எழுப்பும் 'சடார்' ஓசையை எந்தச் சைலன்சரும் அடக்காது. அதனால் பாயிண்ட் 22 ரைபிளில் நான் போடுவது ஒலியைவிட மெதுவாகப் போகும் சப்சோனிக் தோட்டா. வினாடிக்கு 320 மீட்டர் வாக்கில் போகும். ஒரு முயல் விழுந்த பிறகும் பக்கத்து முயல் காதை நிமிர்த்தியபடி உட்கார்ந்திருக்கும். சத்தம் எந்தத் திசை என்று அதற்குப் பிடிபடாது.

இந்தத் தோட்டா மெதுவானது, சீக்கிரமே தாழும். 50 மீட்டருக்குக் குறி வைத்திருந்தால் 100 மீட்டரில் 15 சென்டிமீட்டருக்கும் மேல் கீழே போய்விடும். தூரத்து முயலைக் காயப்படுத்தி வளைக்குள் சாகவிடுவது பாவம். நெருங்கிப் போய்த்தான் சுடுகிறேன்.

எட்டத்து முயலுக்குப் பாயிண்ட் 223 ரைபிள். சைலன்சர் இல்லாவிட்டால் அதன் வெடி 160 டெசிபலைத் தாண்டும். 140-ஐத் தாண்டிய ஒரே வெடி போதும், காது கெட. சைலன்சரோடு அந்த எல்லைப் பக்கம் இறங்குகிறது, அவ்வளவே. காதுக்கவசத்தைக் கழற்ற அது காரணமாகாது. போன செவி திரும்பாது, இளைஞர்களே.

சைலன்சரை மாட்டினால் குண்டு விழும் இடம் மாறும். மாட்டிய நிலையிலேயே குறியைச் சரிபாருங்கள், திருகு தளர்ந்திருக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள். தொடர்ந்து சுட்டால் சூடேறி, கானல் எழுந்து ஸ்கோப்பில் முயல் நெளியும், ஆறவிடுங்கள். வேலை முடிந்ததும் கழற்றி வையுங்கள், உள்ளே தங்கும் ஈரம் குழலைத் துருப்பிடிக்க வைக்கும். பாயிண்ட் 22 சைலன்சரில் ஈயத்தூள் படியும், கையுறை போட்டே சுத்தம் செய்யுங்கள்.

இங்கே எங்கும் சிஸ்ட் பாறை. சாய்வாகப் பட்ட ஈயக்குண்டு தெறித்து எங்கோ போகும், ஆகவே பின்னால் மண்மேடு இல்லாத முயலை விட்டுவிடுகிறேன். இன்னொன்றையும் யாரும் நினைப்பதில்லை. சத்தம் குறைந்துவிட்டதால், மலையில் நடப்பவருக்கு இங்கே சுடுகிறார்கள் என்ற எச்சரிக்கையும் குறைந்துவிட்டது. எந்த மேய்ச்சல் நிலத்தில், எத்தனை மணி வரை இருப்பேன் என்று பண்ணைக்காரருக்கும் அடுத்த வேலிக்காரருக்கும் போனில் சொல்லிவிட்டுத்தான் தோட்டாவைப் போடுகிறேன்.