கணனித் திரையைப் பதிவு செய்தல்: ஒலியோடா, ஒலியின்றியா?

2020 மார்ச் 13ஆம் திகதி முதல் கொரோனாத் தொற்றுக் காரணமாக இலங்கையின் பாடசாலைகள் மூடப்பட்டன. ஆசிரியர் பலர் இணையவழியில் கற்பிக்கத் தொடங்கினர். ஆனால் கல்குடா, வாகரைக் கரையோரத்தில் ஒரே கைத்தொலைபேசி உள்ள வீட்டை எண்ணிப் பாருங்கள். பகலில் அது தகப்பனோடு கடலுக்கோ வயலுக்கோ போய்விட்டால், நேரடி வகுப்பு அந்த வீட்டுப் பிள்ளைக்கு எட்டாது. மாலையில் திறந்து பார்க்கக்கூடிய பதிவு இருந்தால் மட்டுமே அப்பிள்ளைக்குப் பாடம் உண்டு. எனவே திரைப் பதிவை ஆசிரியரும் சங்கச் செயலாளரும் பழகிக்கொள்வது நன்று. அதை இப்பாடத்தில் படிப்படியாகக் காண்போம்.

திரைப் பதிவு என்றால் என்ன?

கணனி தன் திரையையே விநாடிக்குப் பல தடவை படம்பிடித்து ஒரு வீடியோவாகச் சேமிப்பதே திரைப் பதிவு. இதற்குக் கமரா தேவையில்லை. ஒலி இரண்டு வழிகளில் வரும். ஒன்று கணனிக்குள் ஒலிப்பது. மற்றது ஒலிவாங்கி வழியாக வரும் நமது குரல். இவ்விரண்டையும் தனித்தனியே திறக்கலாம், மூடலாம்.

செய்யும் முறை

1. விண்டோஸ் 10, 11 கணனிகளில் விண்டோஸ், ஆல்ட், ஆர் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் பதிவு தொடங்கும்; மீண்டும் அழுத்தினால் நிற்கும். ஆர் விசைக்குப் பதிலாக எம் விசையை அழுத்தினால் ஒலிவாங்கி திறக்கும் அல்லது மூடும். இம்முறை ஒரு செயலியின் சாளரத்தை மட்டுமே பதிவு செய்யும்.

2. முழுத் திரையும் வேண்டுமானால் ஓ.பி.எஸ். என்னும் இலவச மென்பொருள் உதவும். இது 2012 முதல் கிடைக்கிறது. கணனி ஒலிக்கும் ஒலிவாங்கிக்கும் இதில் தனித்தனி அளவுகோல்கள் உண்டு.

3. கணனி இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். ஆண்ட்ரொய்ட் 11 முதல் கைத்தொலைபேசியிலேயே இவ்வசதி உள்ளது.

எதைப் பயன்படுத்தினாலும் முதலில் அரை நிமிடம் பதிவு செய்து, போட்டுக் கேட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரம் பேசி முடித்தபின் ஒலிவாங்கி மூடியிருந்ததைக் கண்டுபிடிப்பதில் பயனில்லை.

எவ்வளவு டேட்டா செலவாகும்?

விநாடிக்கு 2,500 கிலோபிட் அளவில் 10 நிமிடம் பதிவு செய்தால் படம் மட்டும் ஏறத்தாழ 188 மெகாபைட் ஆகும். அசையாத எழுத்துப் பாடத்துக்கு 500 கிலோபிட் போதும் எனக் குறைத்தால் 38 மெகாபைட்டில் முடிந்துவிடும். ஒருவர் பேசும் குரலுக்கோ 64 கிலோபிட் போதும். அதே 10 நிமிடத்துக்கு 5 மெகாபைட்டுக்கும் குறைவு. ஆகவே டேட்டாவை மிச்சப்படுத்த எண்ணி ஒலியை நீக்குவது சரியல்ல. படத்தின் அளவைத்தான் குறைக்க வேண்டும்.

ஒலி எப்போது வேண்டும்?

பிள்ளை தனியே இருந்து படிப்பதற்கு ஒலி கட்டாயம் வேண்டும். எழுத வாசிக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்கும் அப்படியே. ஆனால் கூட்டத்தில் ஒரு விண்ணப்பப் படிவம் நிரப்புவதைக் காட்டும்போது ஒலியற்ற பதிவே சிறந்தது. ஒருவர் அதை இடையில் நிறுத்தி, நம் பேச்சுத் தமிழில் விளக்கி, கேள்விகளுக்கும் பதில் சொல்லலாம். அதே பதிவைச் சிங்களம் பேசுவோருக்கும் பயன்படுத்தலாம்.

கவனிக்க வேண்டியவை

பதிவின்போது திரையில் வரும் தனிப்பட்ட செய்தி, வங்கி அனுப்பும் இரகசிய இலக்கம், அடையாள அட்டை இலக்கம் யாவும் பதிவாகிவிடும். எனவே வட்ஸ்அப்பை முன்னரே மூடிவிடுங்கள். இணைய வகுப்பைப் பதிவு செய்வதாயின் கலந்துகொள்வோருக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். பிள்ளைகளின் முகமும் குரலும் பதிவாகுமானால் பெற்றோரின் சம்மதத்தைப் பெறுங்கள். தனிநபர் தரவுகளைப் பாதுகாக்க 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமும் நம் நாட்டில் நிறைவேற்றப்பட்டுள்ளது.

கலந்துரையாட:

1. நம் ஊரில் எந்த வேலையைத் திரைப் பதிவாகக் காட்டினால் அதிகம் பேர் பயன்பெறுவர்?
2. இணைய வசதியில்லாத வீடுகளுக்கு அப்பதிவை யார், எவ்வாறு கொண்டுசேர்ப்பது?