குளியலுக்கு முன்னே மலை

ஹொக்கைடோவில் டோயா ஏரிக்கரை வெந்நீர் ஊற்று விடுதியில் தங்கப் போகிறவர்கள், உசு மலை ரோப்வேயைக் கிளம்பும் நாளின் கடைசி அரைமணிக்கு ஒதுக்கக் கூடாது என்பது என் கட்சி. முதலில் மலை, பிறகுதான் குளியல். காரணம், அந்த வெந்நீரே மலை கொடுத்தது. 1910இல் உசு வெடித்தது. 1917இல் ஏரிக்கரையில் ஊற்று கண்டுபிடிக்கப்பட்டது. விடுதிகள் அதற்குப் பின் வந்தவை. அடுப்பைப் பார்த்துவிட்டு வந்து தொட்டியில் இறங்குங்கள், அந்தச் சூடே வேறாகத் தெரியும்.

ரோப்வே, ஒரு பெட்டி ஏறும்போது மற்றொன்று இறங்கும் அமைப்பு. 1,370 மீட்டரை ஆறு நிமிடத்தில் கடந்துவிடும். ஏறும்போது முன் கண்ணாடிக்கு முண்டியடிக்காமல் பின்பக்கம் நில்லுங்கள். புறப்பட்ட இடத்தருகே செம்பழுப்பாக நிற்கும் ஷோவா ஷின்சான், 1943 வரை கோதுமை வயல். இரண்டே ஆண்டுகளில் மலையாகிவிட்டது. இன்றைய உயரம் 398 மீட்டர். அந்தச் சிவப்பு, உள்வெப்பத்தில் செங்கல்போல் வெந்த மண். போர்க்காலத் தட்டுப்பாட்டில் கருவிகள் இல்லாமல், நூல் கட்டி அதன் வளர்ச்சியை வரைந்துவைத்தவர் உள்ளூர் அஞ்சல் அதிகாரி மிமாட்சு மசாவோ. பிறகு அந்த நிலத்தையே விலைக்கு வாங்கிக் காத்தார். (அரசாங்கம் செய்திருக்க வேண்டிய வேலை!) உச்சியில் ஏரியைப் படமெடுத்ததும் திரும்பிவிடாதீர்கள், சற்று நடந்தால் 1977 வெடிப்பின் பள்ளம் இருக்கிறது.

ஆறு நிமிடத்துக்கு இவ்வளவு கட்டணமா என்று கேட்கலாம். ஏறி இறங்குவதோடு சரி என்றால் அதிகம்தான். மேலே ஒரு மணிநேரம் செலவிட்டால் இல்லை. மேகம் மூடினால் பணம் வீண் என்பதும் பாதிதான் சரி: ஏரி மறையும், பக்கத்திலிருக்கும் ஷோவா ஷின்சான் அநேகமாகத் தெரியும். விழித்திருக்கும் எரிமலையில் ஏறலாமா என்பது நியாயமான அச்சம். 1910, 1943, 1977, 2000 என்று ஒரே நூற்றாண்டுக் கணக்கில் நான்கு முறை வெடித்த மலை அது. ஆனால் உசு பொதுவாக நிலநடுக்கங்களால் எச்சரித்துவிட்டே வெடிக்கிறது. 2000இல் அந்த எச்சரிக்கையை நம்பி 10,000க்கும் மேற்பட்டோரை முன்கூட்டியே வெளியேற்றினார்கள். ஓர் உயிர்கூடப் போகவில்லை. சேற்றுவெள்ளம் சிதைத்த அடுக்குமாடிக் குடியிருப்பையும் பொதுக் குளியலகத்தையும் ஊரருகே அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள், அதையும் பார்த்துவிடுங்கள்.

பலத்த காற்றடித்தால் ரோப்வே ஓடாது. பனிக்காலத்தில் பள்ளத்துக்குப் போகும் பாதையும் மூடியிருக்கும். முதல் நாளே போனால், தவறினாலும் மறுநாள் கையில் இருக்கும்.